கண்ணால் எண்ணிய கைகள்

நீடர்ரூஃபி, பிப்ரவரி 9

அக்கா,

மூணு வருஷமா நான் போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிற. சரி, கடிதம்னா நீ பிரிச்சாவது பார்ப்பேன்னு எழுதுறேன். பிரிக்காம குப்பையில போட்டாலும் உன்னைக் கேட்க ஆள் இல்ல.

நேத்து பேப்பர்ல உங்க நிறுவனத்தோட வரைவு வந்திருந்தது. குடிமக்கள் நேரடியா நடத்துற ஜனநாயகம்னா எது, எது இல்லன்னு உலகத்துக்கே வரையறை எழுதுறீங்களாம். ரொம்ப சந்தோஷம். அதுல நாலாவது பத்தி: 'கூடியிருப்போரின் கைகளை எண்ணாமல், பதவியில் இருக்கும் ஒருவர் கண்ணால் மதிப்பிட்டு முடிவு அறிவிக்கும் வாக்கெடுப்பு இதில் சேராது.' எழுதினவங்க பேர் போடல. போடணுமா என்ன? வ்ரேனி காபி ஊத்திக்கிட்டே எட்டிப் பார்த்துட்டு, "இது உங்க அக்கா வேலைதான், வேற யாருக்கு இவ்வளவு வயித்தெரிச்சல்?"ன்னா. என் பொண்டாட்டி எப்பவும் உன் பக்கம் பேசுறவ. அவளே அப்படிச் சொல்றா.

உலகத்துல கண்ணால பார்த்து முடிவு சொல்ற ஊரு எத்தனை இருக்கு? விரல் விட்டு எண்ணிடலாம். மே மாசம் முதல் ஞாயிறு மைதானத்துல வட்டமா நின்னு, ஆளுக்கொரு சீட்டைக் கையில தூக்கிப் பிடிக்கிற ஊரு எத்தனை? அந்தக் கைகளை மேடையில நின்னு பார்த்து 'ஆம்', 'இல்லை'ன்னு சொல்ற தலைவன் யாரு? பேரைப் போடாமலே என் மூக்கை உடைச்சிட்ட. உனக்குத் திறமை ஜாஸ்திதான்.

இதோட போச்சுன்னா பரவாயில்ல. உன்கிட்ட மேல் ஷ்வெண்டி ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்ச ஃப்ரிட்லி இருக்கானே, இப்போ மாட்டு டாக்டர், அவன் ஒரு கோரிக்கை கொடுத்திருக்கான். மே மாசச் சபையை, அந்த வட்டத்தையே ஒரேயடியா கலைச்சிடணுமாம். எல்லாரும் வீட்டுலயே சீட்டை எழுதித் தபால்ல அனுப்பலாமாம். உன்னோட நாலாவது பத்தியை வெட்டி அதுல ஒட்டியிருக்கான். நம்ம பள்ளத்தாக்குல ஒத்த ஆள் கேட்டாலும் கேள்வியைச் சபைக்கு வச்சுத்தான் ஆகணும், உனக்குத் தெரியாததா.

அப்போ மே மாசம் என்ன நடக்கும், யோசிச்சுப் பாரு. என் கண்ணை நம்பலாமா வேண்டாமான்னு ஜனங்க கை தூக்கிச் சொல்வாங்க. அதை நான் என் கண்ணால பார்த்து முடிவு சொல்லணும். எனக்குச் சிரிப்பு கூட வரல அக்கா. களைப்பா இருக்கு.

அந்த வாக்கியத்தை எடுத்துடு.

பால்ட்ஸ்


பெர்ன், பிப்ரவரி 20

பால்ட்ஸ்,

பிரித்தேன். படித்தேன். இவ்வளவு எழுதியிருக்கிறாய், 'எப்படி இருக்கே' என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: முழங்கால் வலி, மூன்றாவது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. இங்கே எனக்குக் கிடைத்த வேலை பிறர் எழுதுவதைத் திருத்துவதும் நடுவில் நாலு வரி நானே எழுதுவதும். ஐம்பத்தாறு வயதில் பள்ளிக்கூடத்தை இழந்தவளுக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

அந்த வாக்கியத்தை நான்தான் எழுதினேன். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் வயிற்றெரிச்சலில் எழுதவில்லை என்று வ்ரேனியிடம் சொல், அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

இந்த வேலை என்னவென்று உனக்குத் தெரியுமா? என்னையும் சேர்த்து ஏழு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றரை வருஷமாகச் சண்டை போடுகிறோம். ஓர் அரசாங்கம் தானே கேள்வி கேட்டு, தானே தேதி வைத்து, 'ஆம் போடுங்கள்' என்று மக்களை வரிசையில் நிறுத்தினால் அது சேருமா? சேராது என்றோம். கீழே இருக்கிறவர்கள் கேட்டால்தான் சேரும். ஓர் ஆளைத் தேர்ந்தெடுப்பது சேருமா? சேராது. ஆளுக்குப் போடும் ஓட்டு வேறு, விஷயத்துக்குப் போடும் ஓட்டு வேறு. மக்கள் சொன்ன பதிலை மேலே இருப்பவர்கள் ஆலோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டால்? அதற்கு நான்கு கூட்டம் ஆயிற்று. இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தபோது, மேடையில் நிற்கும் தம்பியின் கண் என் ஞாபகத்துக்கு வந்தது. வராமல் என்ன செய்யும்?

நான் ஒத்த ஆளாகத்தானே அன்றைக்குக் கேள்வி வைத்தேன். மேல் ஷ்வெண்டியில் பள்ளிக்கூடத்தை மூட வேண்டாம் என்று கேட்டேன். மழையில் நின்று பேசினேன். கைகள் எழுந்தபோது திரும்பிப் பார்த்தேன். பின்னால் முழுக்க கை. ஜெயித்துவிட்டோம் என்று பக்கத்தில் நின்ற ஷ்வெண்டி எல்ஸ்பெத் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அப்போது மேடையிலிருந்து உன் குரல் வந்தது: "கோரிக்கை நிராகரிக்கப்பட்டது."

மறு எண்ணிக்கை கிடையாது. மேல்முறையீடு கிடையாது. உன் கண் சொன்னால் சொன்னதுதான்.

வாக்கியத்தை எடுப்பது என் கையில் மட்டும் இல்லை. எடுக்கச் சொல்லிப் பேசுவேனா என்பது நீ இதற்குச் சொல்லும் பதிலைப் பொறுத்தது. மூன்று வருஷமாக நான் கேட்க நினைத்தது இது ஒன்றுதான். நான் ஜெயித்தேனா, தோற்றேனா?

அகதா


நீடர்ரூஃபி, மார்ச் 3

அக்கா,

முழங்காலுக்கு டாக்டரைப் பாரு. மூணாவது மாடி வேண்டாம்னு அப்பவே சொல்லியிருப்பேன், நீ சொல்லிட்டா போன?

கேட்டுட்ட, சொல்றேன். நடுவுல கத்தாம படி.

அன்னிக்குப் பெய்ஞ்ச மழை உனக்கு ஞாபகம் இருக்கும். கை தூக்கும்போது குடையை மடக்கணும்னு மூணு தடவை மைக்ல கத்தினேன். முன்னாடி நின்னவங்க மடக்கினாங்க. பின்னாடி, உங்க ஷ்வெண்டி ஆளுங்க நிக்கிற பக்கம், பஸ் லேட்டா வந்து இறங்கின கூட்டம், பாதி பேர் மடக்கல. எனக்குத் தெரிஞ்சது குடைதான். கறுப்புக் குடைக்கு நடுவுல அங்கங்க மஞ்சள் சீட்டு. கீழே ஆளு இருக்கானா, ஒரு குடையில ரெண்டு பேர் நிக்கிறாங்களா, எனக்கு எப்படித் தெரியும்?

முதல் தடவை பார்த்தேன், புரியல. ரெண்டாவது தடவை தூக்கச் சொன்னேன், புரியல. மூணாவது தடவை சட்டப்படி நாலு கவுன்சிலர்களை மேடைக்குக் கூப்பிட்டேன். ரெண்டு பேர் நீ ஜெயிச்சேன்னாங்க, ரெண்டு பேர் தோத்தேன்னாங்க. நாலு பேரும் என் மூஞ்சியைப் பார்க்கிறாங்க.

கேள்வி கேட்டவ என் அக்கா. சந்தேகம்னு வந்தா அக்காவுக்கு எதிராத்தான் சொல்லணும். சொந்த ரத்தத்துக்குச் சாதகமா சொல்லிட்டான்னு நாளைக்கு ஒருத்தன் பேசினா இந்த வட்டத்துக்கு என்ன மரியாதை? அப்பவும் இதான் நியாயம்னு நினைச்சேன், இப்பவும் இதான் நினைக்கிறேன். வேற யாராவது கேட்டிருந்தா வேற மாதிரி சொல்லியிருக்கலாம். கேட்டது நீ.

ஜெயிச்சியா தோத்தியா, எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

பால்ட்ஸ்


பெர்ன், மார்ச் 28

பால்ட்ஸ்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நாலு தடவை பதில் எழுதினேன், நாலையும் கிழித்தேன். இது ஐந்தாவது.

ஒரே வீட்டில் பிறந்த குற்றத்துக்கு என் பள்ளிக்கூடம் போயிற்று. அதை நியாயம் என்று எழுதுகிறாய், அதுவும் பெருமையாக! ஊரார் உன்னைத் தப்பாகப் பேசக் கூடாது, அதற்காக அக்கா தோற்க வேண்டும். நல்லவனாய் இருக்க நீ பட்ட பாட்டுக்கு நான் செலவானேன். அடப் பாவி, தோற்றாய் என்று சொல்லியிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். தெரியாது என்று சொல்கிறாயே, அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கோபப்படக்கூட இப்போது தெம்பு இல்லை. இங்கே நடந்த கூத்தைச் சொல்கிறேன், கேள்.

போன வியாழக்கிழமை நாலாவது பத்தியை மறுபடி விவாதத்துக்கு எடுத்தோம். நான் உனக்காகப் பேசினேன், நம்பினால் நம்பு. கண்ணால் பார்ப்பதா, கையால் எண்ணுவதா என்பது இரண்டாம் பட்சம், கேள்வி யாரிடமிருந்து வருகிறது என்பதே முதல் என்றேன். லியோனில் இருந்து வந்த பேராசிரியர் என்னை மடக்கினார். "அம்மா, நீங்களே எழுதின வாக்கியம், நீங்களே எடுக்கச் சொல்றீங்களே. அங்க உங்களுக்கு யாராவது வேண்டியவங்க இருக்காங்களா?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாய் அடைபட்டதும் உன்னால்தான்.

பிறகு ஓட்டெடுப்பு. தலைவர் என்ன செய்தார் தெரியுமா? "வாக்கியம் இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்" என்றார். சில கைகள் எழுந்தன. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பெரும்பான்மை, இருக்கட்டும்" என்று சொல்லித் தாளைப் புரட்டினார். எண்ணவே இல்லை! கண்ணால் மதிப்பிடுவது சேராது என்ற வாக்கியத்தைக் கண்ணால் மதிப்பிட்டு நிறைவேற்றினார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. ஏன் சிரிக்கிறீர்கள் என்றார்கள், இருமல் என்றேன்.

ஆக, வாக்கியம் அச்சுக்குப் போகும். நேரடி ஜனநாயகம் உள்ள ஊர்களின் பட்டியலில் நம் பள்ளத்தாக்கு இருக்காது. ஃப்ரிட்லி அதை மேடையில் வாசிப்பான். நான் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பில்தான் வாசிப்பான்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், தம்பி. இந்த முறை உன் கண்ணை நம்பாதே. நம் சட்டத்தில் ஒரு பழைய விதி இருக்கிறது, நான் பிள்ளைகளுக்கு அதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். சந்தேகம் என்றால், தலைவன் முடிவை அறிவிப்பதற்கு முன், வட்டத்தைக் கலைத்து மைதானத்தின் இரண்டு வாசல் வழியே ஆட்களை வெளியே அனுப்பி, ஒவ்வொருவராக எண்ணலாம். 'ஆம்' ஒரு வாசல், 'வேண்டாம்' ஒரு வாசல். யாரும் பயன்படுத்தி எத்தனையோ வருஷம் ஆயிற்று, அன்றைக்கு உனக்கும் எனக்கும்கூட அது ஞாபகம் வரவில்லை. பயன்படுத்து. அப்போது உன்னை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அதுதானே உனக்கு வேண்டும்.

அகதா


நீடர்ரூஃபி, ஏப்ரல் 14

அக்கா,

திட்டினது போதும்னு இன்னொரு தடவை திட்டாம விட்டதுக்கு நன்றி.

வாசல் யோசனை நல்ல யோசனை. கவுன்சில்ல பேசிட்டேன். சர்ச் பக்கம் 'ஆம்', அதாவது வட்டத்தைக் கலைக்கலாம்; ஸ்டேஷன் பக்கம் 'வேண்டாம்', கலைக்கக் கூடாது. கயிறு கட்டி, பலகை எழுதி, எண்ணுறதுக்கு வாசலுக்கு மூணு ஆள் போட்டாச்சு. ஃப்ரிட்லியும் வந்து பார்த்து ஒத்துக்கிட்டான். "சார், இதுக்கு மேல சுத்தமா பண்ண முடியாது"ன்னான். சாஸேஜ் கடைக்காரங்க கூடாரம் எங்க போடட்டும்னு கேட்டாங்க, எப்பவும் போடுற இடத்துலயே போடுங்கன்னேன்.

இந்தத் தடவை தெளிவா தெரிஞ்சிடும். வட்டம் இருக்கணும்னுதான் எனக்கு ஆசை, உன்கிட்ட ஒளிக்கல. ஆனா போகணும்னு ஊர் சொன்னா போகட்டும். தெரியாதுங்கிற வார்த்தையை இன்னொரு தடவை என்னால சொல்ல முடியாது.

பால்ட்ஸ்


நீடர்ரூஃபி, மே 9

அக்கா,

பேப்பர்ல படிச்சிருப்ப. வட்டம் நிலைச்சிடுச்சு. தலைப்பே 'மக்கள் தீர்ப்பு'ன்னு கொட்டை எழுத்துல. நடந்தது என்னன்னு உனக்கு மட்டும் எழுதுறேன்.

ஃப்ரிட்லி நல்லா பேசினான். உன் பத்தியை வாசிச்சான். "எங்க டீச்சருக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாது"ன்னு முடிச்சான். மேடையில எனக்குக் காது ரெண்டும் சுட்டுச்சு. கை தூக்கச் சொன்னேன். சத்தியமா சொல்றேன், 'ஆம்' பக்கம்தான் அதிகம். மழை இல்ல, குடை இல்ல, நல்ல வெயில். என் கண்ணுக்குத் தெளிவா தெரிஞ்சது: வட்டம் போச்சு.

ஆனா நான்தான் என் கண்ணை நம்ப மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேனே. "சந்தேகம் இருக்கிறது, வாசல் வழியே எண்ணுவோம்"னு அறிவிச்சேன்.

அங்கதான் வந்தது வினை. காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்காங்க. கடைசிக் கேள்வி இது. கை தூக்கியாச்சு, ஓட்டுப் போட்டாச்சு, வேலை முடிஞ்சதுன்னு பாதி பேர் நான் பேசி முடிக்கிறதுக்குள்ள நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. எந்தப் பக்கம் நடப்பாங்க? ஸ்டேஷன் பக்கம். அங்கதான் ரயில், அங்கதான் சாஸேஜ் கூடாரம். அங்கேருந்து வர்ற காத்துல வாசனை வேற. வட்டத்தைக் கலைக்கணும்னு சொல்ற ஆளுங்க யாரு? கீழ்ப் பள்ளத்தாக்குலேருந்து ரயில்ல வந்தவங்க. ஊருக்கு ஓட்டுப் போட வர்றதே அலைச்சல், வீட்டுலேருந்தே அனுப்புறோம்னு சொல்றவங்க. அவங்க எல்லாரும் நேரா 'வேண்டாம்' வாசல்ல போறாங்க! எண்ணுற ஆளுங்க எண்ணிக்கிட்டே இருக்காங்க. மைக்ல கத்தினேன். பேண்டு வாத்தியக்காரன் சபை முடிஞ்சதுன்னு நினைச்சு வாசிக்க ஆரம்பிச்சுட்டான்.

ஃப்ரிட்லி மேடை ஏறி வந்தான். "சார், அந்தா போறாரு பாருங்க, என் மாமனாரு. என் கோரிக்கைக்கு ஆதரவா கையெழுத்துப் போட்டவரு. 'வேண்டாம்' வாசல்ல போறாரு!"ன்னான். அழுகிறானா சிரிக்கிறானான்னு தெரியல. "திரும்ப எடுக்கலாமா?"ன்னு கேட்டான். விதியைப் பார்த்தோம். வாசல் எண்ணிக்கையே இறுதின்னு இருக்கு. போனவங்க ஒரு கையில சாஸேஜ், ஒரு கையில உருளைக்கிழங்கு மசியல் தட்டோட நின்னு எங்களைப் பார்த்து சாஸேஜை ஆட்டிக் காட்டுறாங்க.

அறிவிச்சேன். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அதே வார்த்தை அக்கா. வாயில வரும்போது உன் ஞாபகம் வந்தது.

கண்ணுக்குத் தெரிஞ்சது ஒண்ணு, எண்ணினது ஒண்ணு. எண்ணினதுதான் பொய். அந்தப் பலகையை நட்டவன் நான், ஜெயிச்சதும் என் பக்கம். ஒருத்தனாவது வந்து என்னைத் திருடன்னு திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். "பால்ட்ஸ், தன் கண்ணையே நம்பாம எண்ணச் சொன்னீங்களே, உங்களை மாதிரி நேர்மையான ஆள் யாரு"ன்னு தோளைத் தட்டிட்டுப் போறாங்க. அந்த ராத்திரி சாப்பாடு இறங்கல. வ்ரேனி தட்டை எடுத்துட்டுப் போய்ட்டா.

மறுநாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டேன். துணைத் தலைவர் பார்த்துப்பாரு. ஃப்ரிட்லி அடுத்த வருஷம் மறுபடி கேட்பானாம். கேட்கட்டும்.

நானும் ஒரு கோரிக்கை கொடுத்திருக்கேன், தலைவனா இல்ல, ஒத்த ஆளா. மேல் ஷ்வெண்டி பள்ளிக்கூடத்தை மறுபடி திறக்கணும்னு. நீ கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா அந்தக் கேள்வியை ஊர்கிட்ட மறுபடி கேட்கலாம் இல்ல? அடுத்த மே மாசம் தெரிஞ்சிடும். உனக்காகத்தான் அக்கா. அன்னிக்கு உனக்கு எதிரா சாய்ஞ்சேன், இந்தத் தடவை உன் பக்கம் நின்னு பேசறேன்.

பால்ட்ஸ்


பெர்ன், ஜூன் 2

தம்பி,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, ஃப்ரிட்லியின் மாமனார் 'வேண்டாம்' வாசலில் போன இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டினாள். இரண்டாம் தடவை படிக்கும்போது அழுகை வந்தது. வாசல் யோசனை என்னுடையது. சர்ச் பக்கம் எது, ஸ்டேஷன் பக்கம் எது என்று எனக்குத் தெரியாதா? அங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஏப்ரலில் நீ எழுதியபோதே என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உனக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை, ஃப்ரிட்லிக்கும் உறைக்கவில்லை. அந்த சாஸேஜ் வாசனையில் வளர்ந்தவர்கள் யாருக்கும் உறைக்காது. எல்லாப் பழியையும் நீயே சுமக்காதே, சாப்பிடு.

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் போன வாரம் கூட்டத்துக்குப் போனேன். நாலாவது பத்தி ஏற்கெனவே நிறைவேறிவிட்டது, அதைத் தொட முடியாது. அதனால் அதன் கீழே இன்னொன்று சேர்க்கச் சொன்னேன். 'தோற்ற குடிமகன் அதே கேள்வியை மறுபடி கேட்கலாம், மேலே இருப்பவர் எவரும் அதைத் தடுக்க முடியாது என்ற இடத்தில் மட்டுமே இது நேரடி ஜனநாயகம்.' லியோன் பேராசிரியர் வழக்கம்போல், "இதை எங்கே பிடிச்சீங்க?" என்றார். "அங்கே எனக்கு வேண்டியவர் ஒருவர் இருக்கிறார், அவரிடமிருந்து" என்றேன். இந்த முறை தலைவர் கைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். நாலுக்கு மூன்று. சேர்ந்துவிட்டது. ஒரு பத்தியின்படி நம் பள்ளத்தாக்கு பட்டியலில் இல்லை, அடுத்த பத்தியின்படி இருக்கிறது. படிக்கிறவர்கள் அடித்துக்கொள்ளட்டும்.

இனி உன் கோரிக்கை. எல்ஸ்பெத்துக்குப் போன் செய்தேன். "டீச்சர், கோவிச்சுக்காதீங்க," என்றாள். "ஷ்வெண்டியில இப்போ பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க ரெண்டே ரெண்டு. பஸ்ல கீழே போறதுதான் அதுங்களுக்குப் பிடிச்சிருக்கு. அங்க சேர்ந்து விளையாட ஆள் இருக்கு. இங்க திறந்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கும்."

என் பள்ளிக்கூடம் அன்றைக்கு மூடப்பட்டிருக்கக் கூடாது. இன்றைக்குத் திறக்கவும் கூடாது. இரண்டும் உண்மைதான். நான் ஜெயித்தேனா தோற்றேனா என்று இனி கேட்க மாட்டேன்.

இந்த வீட்டை ஆகஸ்டோடு காலி செய்கிறேன். எல்ஸ்பெத் வீட்டுக் கீழ்த்தளம் சும்மா கிடக்கிறதாம், படி ஏற வேண்டாம். உன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுவேன் என்று பயப்படாதே. பள்ளத்தாக்கில் மறுபடி பெயரைப் பதிந்துவிட்டால் மே மாதம் எனக்கும் ஒரு மஞ்சள் சீட்டு கிடைக்கும்.

கோரிக்கையைத் திரும்ப வாங்காதே, கேள்வி ஊர் முன்னால் வரட்டும். நீ பேசு, நன்றாகப் பேசு. ஷ்வெண்டி ஆட்கள் நிற்கும் பின்பக்கத்துக்கு வந்து பேசு. இந்த முறை நீ மேடையில் இல்லை, என் பக்கத்தில்தான் நிற்பாய். மழை பெய்தால் நான் குடையை மடக்கிவிடுகிறேன். 'வேண்டாம்' என்பவர்கள் கை தூக்குங்கள் என்று சொல்லும்போது என் கை எழும், அதை நீ பக்கத்திலிருந்து நன்றாகப் பார்த்துக்கொள். எனக்கு எதிராக என்னுடைய கையே ஒன்று என்று எண்ணிக்கொள், அதில் சந்தேகம் வேண்டாம்.

முடிந்ததும் ஸ்டேஷன் பக்கம் போய் சாஸேஜ் சாப்பிடலாம். வ்ரேனியையும் கூட்டிக்கொண்டு வா.

அக்கா